ஷரீபா அக்கா கொடுத்து வைத்த துணி

எடிசன் நகரில் வீடு காலி செய்கிற தமிழர்களுக்கெல்லாம் கடைசி நாளில் ஜைனுதீனின் ஞாபகம் வந்துவிடும். இந்த வயிற்றெரிச்சல் அவருக்குப் பல வருஷமாக உண்டு. கல்யாணத்துக்குப் பிரியாணி ஆர்டர் கொடுக்கும்போது கறாராகப் பேரம் பேசுகிறவர்கள், டெக்ஸாஸுக்கு வேலை மாறிப் போகும்போது மட்டும் "ஜைனு பாய், உங்க பேஸ்மென்ட்ல ஒரே ஒரு பெட்டி" என்று பல்லைக் காட்டிக்கொண்டு வந்து நிற்பார்கள். அந்த ஒரு பெட்டியும் ஜைனுதீனின் வேனிலேயே வந்து இறங்கும். இறங்கும்போது பார்த்தால் கட்டில், டிரெட்மில், கிரைண்டர், மூட்டை மூட்டையாகப் பழந்துணி. "ரெண்டே மாசம் பாய்" என்பார்கள். பிறகு போனை எடுக்க மாட்டார்கள். ஆர்யன் என்ற பிள்ளையின் தொட்டில் அங்கே கிடக்கிறது. அந்த ஆர்யனுக்கு இப்போது மீசை முளைத்துவிட்டது. அவன் அப்பாவிடம் கேட்டால், "அதை இன்னுமா வச்சிருக்கீங்க?" என்று சிரிக்கிறார். தூக்கிப் போட்டிருந்தால் மறுநாளே வந்து கேட்டிருப்பார்.

"நான் என்ன குடோனா நடத்துறேன்?" என்று மனைவி பர்வினிடம் கத்துவார் ஜைனுதீன்.

"அவங்க கேக்குறப்ப சரி சரின்னு தலையாட்டிட்டு என்கிட்ட வந்து ஏன் கத்துறீங்க?" என்பாள் பர்வின்.

ஜைனுதீன் எட்டாவதோடு படிப்பை விட்டவர். ஓக் ட்ரீ ரோட்டில் ஒரு ஓட்டலுக்குச் சமையல்காரராக வந்து, பிறகு சொந்தமாகக் கேட்டரிங் தொடங்கினார். வாய் முரடு. யாராவது இறந்துவிட்டால் பள்ளிவாசலுக்கு முதலில் வருகிற வேன் அவருடையதுதான். குளிப்பாட்டுவதற்கும், கபன் என்கிற வெள்ளைத் துணியைச் சுற்றுவதற்கும், மண்ணில் இறக்குவதற்கும் கூடவே நிற்பார். அதனால் சாவுக்குப் பயப்படாத ஆள் என்று அவருக்கு ஒரு பெயர். அந்தப் பெயர் பொய் என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும். ஒவ்வொரு அடக்கத்துக்குப் பிறகும் இரண்டு மூன்று நாளைக்கு விளக்கை அணைக்காமல்தான் தூங்குவார்.

பேஸ்மென்டில் அவர் மனமொப்பி வாங்கி வைத்த பொருள் ஒன்றே ஒன்று. அது ஷரீபா அக்காவுடையது.

எடிசனில் பாதித் தமிழ்ப் பிள்ளைகள் ஷரீபா அக்காவின் மடியில்தான் வளர்ந்தார்கள். வீட்டு ஹாலையே டேகேராக மாற்றி நடத்தியவர். சைவக் குடும்பத்துப் பிள்ளைகளுக்குத் தனிப் பாத்திரம், தனி அடுப்பு. பனி கொட்டுகிற காலையிலும் தானே கார் எடுத்துப் போய்ப் பிள்ளைகளை அள்ளிக்கொண்டு வருவார். நேரம் கழித்து வருகிற அப்பன்மார், ஐ.டி. கம்பெனியில் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும், வாசலில் நின்று திட்டு வாங்கிக்கொண்டுதான் பிள்ளையைத் தூக்கிப் போக முடியும். ஜைனுதீனின் மகள் ஆஃபீஃபாவும் அங்கே தவழ்ந்து எழுந்தவள்தான். அக்காவின் வீட்டுக்காரர் ஹஜ்ஜுக்குப் போய்வந்தபோது, தனக்கும் மனைவிக்குமாக இரண்டு கபன் துணி வாங்கி, அங்கேயே புனிதமான ஜம்ஜம் தண்ணீரில் நனைத்துக் காயவைத்து, கற்பூரம் வைத்துக் கட்டிக் கொண்டுவந்தார். அவருடையது அவரோடு மண்ணுக்குள் போய்விட்டது. அதற்குப் பிறகு அக்கா வீட்டை விற்றுவிட்டுச் சின்ன அபார்ட்மென்டுக்குப் போனார். மகன் உஸைர் டாலஸில் இருந்தான். மாறிப்போன அன்று அக்கா ஒரு பிளாஸ்டிக் உறையை ஜைனுதீனின் கையில் கொடுத்தார்.

"தம்பி, இங்க அலமாரியில இடம் இல்லை. இது உன்கிட்ட இருக்கட்டும். நேரம் வர்றப்ப என்னை இதுலதான் சுத்தணும். வேற யார்கிட்டயும் சொல்லாதே."

சொல்லவில்லை. பர்வினிடம்கூடச் சொல்லவில்லை. மேல் தட்டில் தனியாக வைத்திருந்தார். போன வருஷம் வாட்டர் ஹீட்டர் ஒழுகியபோது பர்வின் எல்லாவற்றையும் வாரி எதிர்ப் பக்கம் போட்டாள். உறை துணி மூட்டைகளோடு சேர்ந்துபோனது. அதை அவர் கவனிக்கவில்லை.

ஆஃபீஃபா மன்ஹாட்டனில் ஒரு காலேஜில் ஃபேஷன் படித்துக்கொண்டிருந்தாள். காலை ரயிலில் போய் இருட்டும் நேரத்துக்குத் திரும்புவாள். "தையலுக்கு எதுக்குடி காலேஜ்?" என்று ஆரம்பத்தில் கேட்டார் ஜைனுதீன். "அத்தா, இட்ஸ் நாட் தையல்" என்றாள். அது தையல் இல்லைதான் என்று போகப்போகப் புரிந்தது. அவள் ஊசியைத் தொட்டே அவர் பார்த்ததில்லை. கொடியில் காய்கிற துணியின் நிழலைப் போட்டோ எடுப்பாள். ஈரத் துப்பட்டாவை ஸ்கேனர் கண்ணாடி மேல் கசக்கி வைத்து அழுத்துவாள். ஒருநாள் அவருடைய மசாலாக் கறை படிந்த ஏப்ரனையே ஸ்கேனரில் வைத்துவிட்டாள்.

"என் அழுக்கை எதுக்குடி மெஷின்ல வைக்கிறே?"

"டெக்ஸ்ச்சர் அத்தா. சூப்பரா இருக்கு பாருங்க."

திரையில் அவருடைய ஏப்ரன் ஒரு நாட்டின் வரைபடம் மாதிரித் தெரிந்தது. அவருக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

அந்த செமஸ்டரில் அவள் எடுத்துக்கொண்ட ஆராய்ச்சி, வெளிச்சம் துணியை என்ன செய்கிறது என்பது. அதற்காக வாராவாரம் ஏதாவது கண்காட்சிக்குப் போய்க்கொண்டிருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை ரயில் ஓடவில்லை. "அத்தா, டிரைவ் பண்ணுங்க, ப்ளீஸ்" என்றாள். போனார். மியூசியத்தில் அவளோடு உள்ளேயும் போனார். அதுதான் தப்பாகப் போயிற்று.

உள்ளே வெளிச்சம் இல்லை. பகலில் ஒரு பெரிய அறையை வேண்டுமென்றே இருட்டாக்கி வைத்திருந்தார்கள். இருட்டுக்குள் வரிசையாக ஆட்கள் நின்றார்கள். தலை இல்லை, கை இல்லை, உடுப்பு மட்டும் உடம்பின் வடிவத்தில் நின்றது. எந்த ஊர்ப் பெண்களோ, இறந்து போய் எத்தனை காலமோ, அவர்களுடைய இடுப்பும் தோளும் மட்டும் அங்கே மிச்சம் இருந்தன. ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் மெல்லிய வெள்ளைத் துணி ஒன்றை நீளவாக்கில் படுக்க வைத்திருந்தார்கள். அதன் பக்கத்தில் போனதும் ஜைனுதீன் ஓரடி பின்னால் நகர்ந்தார். வாய்க்குள்ளேயே ஓத ஆரம்பித்தார்.

"ஏன்டி லைட்டைப் போட மாட்டாங்களா?"

"லைட் பட்டா துணி செத்துப்போயிடும் அத்தா. கொஞ்சம் கொஞ்சமா சாப்பிட்டுடும்."

"சாகுறதைப் பத்தி இங்க பேசாதே. வா, போகலாம்."

"அத்தா, ஆர் யூ ஸ்கேர்ட்?" அவள் சிரித்தாள். "எல்லா ஜனாஸா அடக்கத்துக்கும் போறது நீங்கதானே?"

அவர் வெளியே வந்து, படிக்கட்டில் வெயிலில் உட்கார்ந்துகொண்டார். அவள் வரும்வரை எழுந்திருக்கவில்லை.

அதற்கு அடுத்த வாரம், சமையலறையில் அவர் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தபோது வந்தாள். "அத்தா, எனக்குப் பழைய காட்டன் வேணும். வெள்ளையா, பெருசா. யாராவது தூக்கிப் போடுற மாதிரி இருந்தா கூட ஓகே."

"பேஸ்மென்ட்ல போய் எடு. கேக்க ஆளில்லாத துணி மூட்டை மூட்டையா கிடக்கு."

"பட் அது மத்தவங்களோடது இல்லையா?"

"எடுன்னு சொல்றேன்ல? எவன் வந்து கேக்குறான்னு பாத்துடறேன்." ஆர்யனின் அப்பாவை நினைத்துக்கொண்டு சொன்னார். கத்தி வேகமாக ஓடியது.

அவள் செய்தது இதுதான். துணியில் ஒரு மருந்தைத் தடவி இருட்டில் காயவைத்தாள். காய்ந்ததும் அதன் மேல் சமையலறைச் சாமான்களைப் பரப்பினாள். பிரிஞ்சி இலை, அன்னாசிப்பூ, கொத்தமல்லிக் கட்டு, புதினா. அப்படியே கொல்லைப்புறத்து வெயிலில் போட்டாள். வெயில் பட்ட இடமெல்லாம் நீலமாகும். சாமான் மறைத்த இடம் வெள்ளையாகவே நிற்கும். பிறகு எத்தனை முறை அலசினாலும் போகாது.

வேனை நிறுத்திவிட்டுக் கொல்லைப்புறம் வந்த ஜைனுதீன் நின்றுவிட்டார். கொடியில் வானத்தை அறுத்துப் போட்ட மாதிரி நீளமாக ஒரு நீலம் தொங்கியது. அதில் வெள்ளை வெள்ளையாக அன்னாசிப்பூ. அவர் தினமும் குண்டானில் போடுகிற பூ, இவ்வளவு அழகாக இருக்கும் என்று அவருக்குத் தெரியாது. "அடி கழுதை, நீதான் செஞ்சியா?" என்று சொல்ல வாயைத் திறந்தார்.

அப்போது கற்பூர வாசம் வந்தது.

பக்கத்தில் போனார். துணி கொடியில் நழுவாமல் இருக்க, மெல்லிய வெள்ளை நாடாக்களால் கட்டியிருந்தாள். துணியிலேயே கிழித்த நாடா. தலைமாட்டில் ஒன்று, இடுப்பில் ஒன்று, கால்மாட்டில் ஒன்று என்று அவர் கையாலேயே எத்தனையோ பேருக்குக் கட்டிய நாடா. அது எந்த உறையில் இருந்தது என்று யாரும் அவருக்குச் சொல்ல வேண்டியதில்லை.

"இது எங்க இருந்து எடுத்தே?"

"நீங்கதானே சொன்னீங்க? ஒரு கவர்ல ஃபோல்ட் பண்ணி இருந்துச்சு. பெர்ஃபெக்ட் காட்டன். கொஞ்சம் கட் பண்ணி டெஸ்ட் பீஸ் எடுத்தேன். ஏன் அத்தா?"

"அது ஷரீபா ஆன்ட்டியோட கபன்டி."

அவளுக்கு அந்த வார்த்தை தெரியும். ஆனால் அது எப்படி இருக்கும் என்று அவள் பார்த்ததில்லை. இங்கே பிறந்த பிள்ளையை யாரும் அந்த அறைக்குள் கூட்டிப் போனதில்லை. கையிலிருந்த பக்கெட்டைக் கீழே வைத்தாள். "ஆன்ட்டி உயிரோட இருக்காங்களே" என்றாள்.

"இருக்குறப்பவே எடுத்து வைக்கிறதுதான்."

அவர் சட்டைப் பையில் போன் அடித்தது. கிட்னி கெட்டுப்போன அக்கா வாராவாரம் போகிற டயாலிசிஸ் சென்டரிலிருந்து. சிகிச்சை நடக்கும்போதே அக்காவின் பிரஷர் விழுந்துவிட்டது, நினைவு தப்பியது, ஆம்புலன்ஸில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்கிறார்கள். மகன் ஊரில் இல்லாததால் இவருடைய நம்பர்தான் அங்கே இருந்தது. "எப்போ?" என்று கேட்டார். மதியம் என்றார்கள். மதியம்தான் துணி வெயிலில் கிடந்திருக்கிறது.

ஆஃபீஃபா கேட்டுக்கொண்டுதான் நின்றாள். "நான் கட் பண்ணதாலயா அத்தா?"

இல்லை என்று சொல்ல வேண்டும். அப்பன் என்றால் அந்த நொடியில் அதைத்தான் சொல்ல வேண்டும். அவர் வாய் எழாமல் நின்ற அந்த நேரத்தைப் பார்த்துத்தான் பெண் பயந்தாள். அப்படியே புல்லில் உட்கார்ந்து முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். பர்வின் ஓடிவந்து விஷயத்தைக் கேட்டுவிட்டு, கணவனை எரித்துவிடுவதுபோல் பார்த்தாள்.

"பிள்ளை அழுவுது, மரம் மாதிரி நிக்கிறீங்களே! கிட்னி கெட்டு எத்தனை வருஷமாச்சு அக்காவுக்கு? துணியா கெடுத்துச்சு?"

அவள் சொன்னது புத்திக்குப் புரிந்தது. வயிற்றுக்குப் புரியவில்லை.

மறுநாள் அக்காவுக்கு நினைவு திரும்பியது. உஸைர் பிளைட் பிடித்து வந்துகொண்டிருந்தான். போனில் அக்காவின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருந்தது. "தம்பி, அந்தத் துணியை எடுத்துட்டு வா. ஒரு தடவை பாக்கணும்."

ஜைனுதீன் நேராக ஓக் ட்ரீ ரோட்டுக்கு வேனை விட்டார். ஒரு கடையில் வெள்ளைக் காட்டன் வாங்கினார். இன்னொரு கடையில் ஜம்ஜம் பாட்டில் இருந்தது. நனைத்து, டிரையரில் போட்டு, கற்பூரம் வைத்து மடித்தால் அக்காவுக்கு எங்கே தெரியப்போகிறது? கண் மங்கிப்போன மனுஷி. நிம்மதியாகப் போய்ச் சேரட்டும். இப்படி நினைத்துக்கொண்டேதான் வீட்டுக்கு வந்தார். பையைப் பார்த்ததுமே ஆஃபீஃபாவுக்குப் புரிந்துவிட்டது.

"நோ அத்தா."

"நீ சும்மா இரு."

"ஆன்ட்டி அதுக்குள்ள கடைசி வரைக்கும் இருக்கணும். பொய்யில சுத்துவீங்களா அவங்களை?"

அவர் பையை வேனிலேயே போட்டுவிட்டார். அவள் நீலத் துணியைச் சுருட்டி மார்போடு அணைத்துக்கொண்டு முன் சீட்டில் ஏறினாள். காலேஜில் அந்த வாரம் எல்லோரும் தங்கள் வேலையைச் சுவரில் மாட்டி ஆசிரியர்களுக்குக் காட்ட வேண்டும். "வாட் வில் யூ ஷோ?" என்று தோழி ஒருத்தி போனில் கேட்டாள். "நத்திங்" என்று வைத்துவிட்டாள். சிக்னலில் நிற்கும்போதெல்லாம் ஜைனுதீனுக்கு, போய்ச் சேருவதற்குள் ஏதாவது ஆகிவிடுமோ என்று ஒரு பயம். போய்ச் சேர்ந்துவிடுவோமே என்று இன்னொரு பயம்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் அக்கா பாதி ஆளாகக் கிடந்தார். மூக்கில் குழாய். இவர்களைப் பார்த்ததும், "வந்துட்டியா குட்டி?" என்றார் ஆஃபீஃபாவிடம். டேகேரில் கூப்பிட்ட அதே குட்டி. அவ்வளவுதான், அவள் அழுதுவிட்டாள். அழுகையும் இங்கிலீஷும் தமிழுமாக எல்லாவற்றையும் கொட்டினாள். ஜைனுதீன் சுவரோடு ஒட்டி நின்றார். மெஷினில் ஓடுகிற பச்சைக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அது படுத்துவிடுமோ என்று பார்த்தார்.

அக்கா கை நீட்டினார். துணியை அவர் மடியில் விரித்தாள் ஆஃபீஃபா. அக்கா வெகுநேரம் தடவிப் பார்த்தார்.

"இது என்ன பூ?"

"ஸ்டார் அனீஸ் ஆன்ட்டி. அன்னாசிப்பூ."

"இது?"

"பிரிஞ்சி இலை."

"கொத்தமல்லி, புதினா வேற. என்னை அடக்கம் பண்ணப் போறீங்களா, பிரியாணிக்குத் தம் போடப் போறீங்களா?"

யாரும் சிரிக்கவில்லை. அக்காதான் சிரித்தார், இருமினார், தண்ணீர் கேட்டார். குடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். ஜைனுதீனுக்கு உயிர் போய்வந்தது.

"அக்கா, என்னை மன்னிச்சிருங்க. நான்தான் கவனிக்காம…"

"தம்பி, அலமாரியில இடம் இல்லைன்னு உன்கிட்ட சொன்னேன்ல? இடம் இருந்துச்சு." அக்கா கண்ணைத் திறக்கவில்லை. "அவரு ஆசையாத்தான் கொண்டுவந்தாரு. நான் புடவை எடுக்கத் திறக்குறப்ப எல்லாம் அது என்னையே பாத்துக்கிட்டிருக்கும். இன்னிக்கா, இன்னிக்கான்னு கேக்கும். அந்த அலமாரியைத் திறக்கப் பயந்துக்கிட்டு ஒரே புடவையை நாள்கணக்கா கட்டியிருக்கேன். ஊரே என்னை தைரியசாலிங்குது. யார்கிட்ட போய்ச் சொல்றது? உனக்குத்தான் இதெல்லாம் பயம் இல்லையே, உன்கிட்ட இருக்கட்டும்னு குடுத்தேன்."

ஜைனுதீன் ஏதோ சொல்ல வந்தார். மகள் அவரைத் திரும்பிப் பார்த்தாள். மியூசியப் படிக்கட்டில் அவர் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தவள் அவள்.

"மயக்கம் தெளிஞ்சதும் அது ஞாபகம் வந்துடுச்சு. பாத்துடணும், பாத்துட்டா பயம் போகுமான்னு பாப்போம்னுதான் கேட்டேன்" என்றார் அக்கா. பிறகு துணியின் ஓரத்தை விரலால் நெருடினார். "குட்டி, நீ தைப்பியா?"

"கத்துக்கறேன் ஆன்ட்டி."

"டயாலிசிஸுக்குப் போறப்ப கையைத் தூக்கி ஊசி போடணும். எந்தச் சட்டையும் வசதிப்படல. கை பூரா திறக்குற மாதிரி இதுலயே லூசா ஒண்ணு தைச்சுக் குடு. உன் காலேஜுல காட்டிட்டுக் குடு."

அவள் காலேஜில் காட்டினாள். ஆசிரியர்கள் என்ன சொன்னார்கள் என்று வீட்டில் சொல்லவில்லை, அத்தாவும் அம்மாவும் கேட்கவில்லை. சட்டைக்கு ஒரு கை சற்று நீளம், ஒரு கை குட்டை. அக்கா அதைத்தான் அந்தக் கோடை முழுக்க டயாலிசிஸுக்குப் போட்டுக்கொண்டு போனார். சென்டரில் நர்ஸ்கள் எங்கே வாங்கியது என்று கேட்டார்களாம். "என் டேகேர் பிள்ளை டிசைனர்" என்றாராம். உஸைர் டாலஸுக்கு வந்துவிடச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். அக்கா போகவில்லை.

போகப்போக அக்காவின் உடம்பு வற்றிக்கொண்டே வந்தது. டயாலிசிஸுக்கு வேனில் ஏற்றி இறக்கும்போது ஜைனுதீனின் கைக்கு அது தெரிந்தது. தினமும் போன் அடிக்கும்போதெல்லாம் திக்கென்றுதான் எடுத்தார். இலை உதிரத் தொடங்கிய ஒரு மாலையில் அக்காவை வீட்டு வாசலில் இறக்கிவிட்டு, நடைக்கோலைக் கையில் கொடுத்தார். அக்கா உள்ளே போகாமல் நின்றார்.

"தம்பி, புதுசா ஒண்ணு வாங்கி வச்சிருக்கியா?"

"வச்சிருக்கேன்க்கா."

"ஜம்ஜம்ல நனைச்சியா?"

"நனைச்சாச்சு."

அக்கா தலையாட்டினார். இரண்டடி வைத்துவிட்டுத் திரும்பினார்.

"எங்க வச்சிருக்கேன்னு மட்டும் என்கிட்ட சொல்லாதே. நானே கேட்டாலும் சொல்லாதே."